கறுழும் கடிவாளமும்: இளங்குதிரையின் தலைநோவு குறித்த தமிழக வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

கடிவாளம் பூட்டப்பெறும் குதிரையின் வாயிலும் தலையிலும் உண்டாகும் நோவு தமிழ்ப் பனுவல்களிலும் சிற்பங்களிலும் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதையும், அந்நோவைத் தணிக்கும் பொறுப்பு காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியம், பாண்டியர் காலக் கடல்வணிகம் பற்றிய அயலார் குறிப்புகள், திருவிளையாடல் கதை, மண்டபச் சிற்பங்கள், சென்னையின் பூந்தமல்லிச் சாலையைச் சார்ந்த குதிரைப் போக்குவரத்து, இக்காலச் சட்ட விதிகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழகத்துக்குக் குதிரை பெரும்பாலும் கன்றாக அன்றி, வேலைக்குரிய விலங்காகவே வந்து சேர்ந்தது. ஆதலின் இளங்குதிரையைப் படிப்படியாகக் கடிவாளத்துக்குப் பழக்கும் அறிவு எழுத்தில் நிலைபெறாமல் குதிரைக்காரரின் கையறிவாக மட்டுமே தங்கியது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கறுழ், கலினம், கடிவாளம், குதிரை வணிகம், கயிறு மாறுதல், குதிரைக்காரர், பூந்தமல்லிச் சாலை, வேப்பேரி.

1. முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில், வேலப்பஞ்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் அருகே அமைந்துள்ள ஊர் நூம்பல். இன்று குடியிருப்புகளும் கல்வி நிறுவனங்களும் சூழ்ந்த இப்பகுதி, சென்னைக் கோட்டையிலிருந்து பூந்தமல்லி வழியாக ஆர்க்காடு நோக்கிச் சென்ற பழைய பெருவழியை ஒட்டியது. மோட்டார் வண்டி வருவதற்கு முன் இவ்வழியில் மனிதரையும் சரக்கையும் நகர்த்தியவை மாடும் குதிரையுமே. மாட்டின் கழுத்தில் நுகத்தடி ஏற்படுத்தும் புண்ணைக் கிராமத்தார் அனைவரும் அறிவர். அதற்குக் கைம்மருந்தும் அறிவர். குதிரையின் தலையில் கடிவாளம் ஏற்படுத்தும் நோவோ அதனோடு வாழ்ந்தவர்க்கன்றிப் பிறர்க்குப் புலனாகாத ஒன்றாகவே இருந்துவந்துள்ளது.

தமிழகக் குதிரைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றி அமைந்தவை. அவை போர், வணிகம், வழிபாடு என்பன. குதிரையின் உடல்நலம் அவற்றுள் ஓரமாகவே இடம்பெறுகிறது. ஒரு குதிரை பழகுமா பழகாதா, படையில் நிலைக்குமா அழியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது முதன்முதலில் கடிவாளம் ஏற்கும் சில மாதங்களே. எனவே இளங்குதிரையின் தலைநோவு என்னும் சிறு பொருள், குதிரை வரலாற்றின் பெருங்கேள்வி ஒன்றுக்கு வழிகாட்டக்கூடியது. விலைமிக்க குதிரைகள் இந்நிலத்தில் ஏன் விரைவில் அழிந்தன என்பதே அக்கேள்வி.

2. நோவின் காரணங்கள்

இலக்கியச் சான்றுகளை ஆராயுமுன் குதிரைத் தலையின் இயல்பை அறிந்துகொள்வது தேவையாகிறது. கடிவாளம் என்பது தனியொரு கருவியன்று. காதுகளுக்குப் பின்னே உச்சியில் படியும் தலைவார், நெற்றிப்பட்டை, இருபுறக் கன்னவார், மூக்குப்பட்டை, தொண்டைவார், வாயினுள் கிடக்கும் இரும்பு, அதிலிருந்து ஊர்பவன் கைக்கு வரும் வார் ஆகியவற்றின் தொகுதியே அது. இவற்றுள் ஒவ்வொன்றும் தலையின் ஒவ்வோர் இடத்தை அழுத்துகிறது.

குதிரையின் முகத்தில் தசைப்பற்று குறைவு. மூக்கெலும்பு கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்து முனையில் தாங்கலற்று நிற்பது. மூக்குப்பட்டை தாழ்ந்து கிடந்தால் அம்மெல்லிய முனையே அழுத்தத்தை ஏற்கும், மூச்சும் தடைப்படும். முகத்தசையை இயக்கும் நரம்பு தாடைத்தசையின் மேலே, தோலுக்குச் சற்றே கீழே ஓடுவதால், கன்னத்தில் அழுந்தும் வாரும் வளையமும் அதனைத் தாக்கக்கூடும். காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிப்பகுதியில் பிடரியின் பெருந்தசைநார் தலையோட்டில் இணைகிறது. ஒடுங்கிய தலைவார், சுமையனைத்தையும் அவ்விடத்தில் ஒரு கோடாகக் குவிக்கிறது. நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் தலைவார் முன்னே இழுக்கப்பட்டுக் காதின் அடியை அறுக்கும்.

இளங்குதிரைக்கு இவற்றோடு மற்றொரு துன்பமும் சேர்கிறது. குதிரையின் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை தொடரும் நிகழ்வு. முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதளவில் மாறுகின்றன. முன்கடைவாய்ப் பற்களும் அதே காலத்தில் மாறுகின்றன. அப்பொழுது ஈறு வீங்கும். கீழ்த்தாடையின் அடியில் புடைப்புகள் தோன்றுவதும் உண்டு. இவற்றிற்கு முன்பே, முதல் ஆண்டிற்குள், கடைவாய்ப் பற்களின் முன்னே ஓநாய்ப்பல் எனப்படும் சிறு பல் பல குதிரைகளுக்கு முளைக்கிறது. வாயிரும்பு அதன்மேல் மோதினால் குதிரை தலையை உதறும். குதிரையைப் பழக்கத் தொடங்கும் வயதும் பல் மாறும் வயதும் ஒன்றே என்பது இங்குக் கருதத்தக்கது. முரட்டுத்தனம் என்று அடிவாங்கும் இளங்குதிரைகளுள் பல, உண்மையில் பல்நோவால் வருந்துபவை.

இவ்வுண்மை பழங்காலத்திலேயே உணரப்பட்டது என்பதற்குக் கிரேக்க நூலொன்று சான்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய செனபோன், கடிவாளத்தின் தலைவார் படியும் இடத்தில் கட்டுக்கயிற்றின் முடிச்சு அமையலாகாது என்று குதிரைக்காரனுக்கு அறிவுறுத்துகிறார். கயிறு காதருகே உறுத்தினால் குதிரை தீவனத்தொட்டியில் தலையைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதும், அப்புண்ணுடைய குதிரை கடிவாளம் பூட்டவும் உடல் தேய்க்கவும் இடங்கொடாது என்பதும் அவர் கூறும் காரணங்கள். குதிரையின் முரண்டு அதன் குணமன்று, நோவின் விளைவே என்னும் தெளிவு அக்கூற்றில் உள்ளது.

3. சங்கப் பாடல்களில் குதிரையின் தலை

சங்க இலக்கியத்தில் குதிரையின் தலைக்கருவி பற்றிய சொற்கள் செழுமையானவை. வாயிரும்பைக் குறிக்கும் பழஞ்சொல் கறுழ். கலித்தொகையின் 96ஆம் பாடலில், தலைவன் குதிரை ஊர்ந்து வந்ததாகக் கூறும் பொய்யைத் தலைவி எள்ளுமிடத்தில் வல்லிகை, புல்லிகை, சாமரை, மத்திகை, கண்டிகை, புட்டில் என அணிகளும் கருவிகளும் நிரல்படுகின்றன. பரத்தையே அக்குதிரை என்பது பாடலின் குறிப்பாகலின், பூட்டிய கருவிகள் அனைத்தும் பெண்ணின் அணிகலன்களாக உருமாறுகின்றன. குதிரையின் தலை அழகுபடுத்தத்தக்க ஓரிடம் என்னும் பார்வை இங்கு மேலோங்கி நிற்கிறது.

நோவின் சுவடு வேறொரு பாடலில் உள்ளது. உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடிய புறநானூற்றின் 4ஆம் பாடல், போர்க்களத்தின் பொருள்களை ஒவ்வொன்றாக உவமித்துச் செல்கிறது. குருதி படிந்த வாள் செவ்வானம் போன்றது. தேய்ந்த கழல் கொல்லேற்றின் கொம்பு போன்றது. துளைபட்ட கேடயம் அம்பெய்து பழகும் இலக்குப் போன்றது. குதிரைகளுக்கு வரும்பொழுது, ஊர்பவர் இடப்பக்கம் திருப்பக் கறுழ் உரசிச் சிவந்த வாயினால், இரையின் கழுத்தைக் கவ்விய புலியை அவை ஒத்தன என்கிறார் புலவர்.

இவ்வுவமையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, காயத்தின் காரணம் பிழையின்றிக் கூறப்பட்டுள்ளது. வாய் சிவந்தது பகைவரின் படைக்கலத்தால் அன்று, ஊர்பவன் வாரை இழுத்துத் திருப்பியதால். பரணர் களத்துக் குதிரையைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, அக்காயம் நோவாகக் காட்டப்படவில்லை, வீரமாகக் காட்டப்படுகிறது. தன் குருதியால் சிவந்த வாய், பிற உயிரின் குருதியால் சிவந்த புலிவாயாக உவமையில் மாறிவிடுகிறது. அதே பாடலின் முடிவில், பகைவர் நாடு தாய்ப்பால் பெறாத குழவிபோல ஓயாது அலறும் என்று கூறுகிறார் பரணர். மனிதர் துன்பம் ஒலியாகச் செவியில் விழுகிறது. குதிரையின் துன்பம் நிறமாக மட்டும் கண்ணில் படுகிறது. புறத்திணை மரபில் குதிரை தலைவனின் வெற்றிக்கு உறுப்பாகையால், அதன் நோவுக்குத் தனி இடம் ஏற்படவில்லை எனலாம்.

தொல்காப்பிய மரபியல் யானை, குதிரை, கழுதை, கடமை, ஆன் ஆகிய ஐந்தின் இளமைக்கும் கன்று என்னும் பெயரை உரியதாக்குகிறது. எனவே குதிரைக்கன்று தமிழ் மரபு அறியாத ஒன்றன்று. ஆயினும் போர்க்களத்திலும் தேரிலும் காணும் குதிரை வளர்ந்த குதிரையே. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் குவியும் பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, நீர்வழி வந்த குதிரைகளை முதலில் வைக்கிறது. கலமேறி வந்த அவ்விலங்குகளின் இளமைப்பருவம் கடலுக்கு அப்பால் கழிந்தது.

சொற்களும் இவ்வயல்தொடர்பை உணர்த்துவன. பிற்காலத் தமிழில் கடிவாளத்தைக் குறிக்கும் கலினம், வடமொழியின் கலீனம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. அவ்வடசொல்லைக் கிரேக்கக் காலினோஸ் என்பதனோடு தொடர்புபடுத்துவர் மொழியறிஞர். முல்லைப்பாட்டில் யவனரோடு சேர்த்துக் கூறப்படும் மத்திகை என்னும் சவுக்கின் பெயரையும் கிரேக்கச் சொல்லாகக் கருதுவோர் உளர். பின்னர் வந்த லகான் பாரசீகத்தின் வழிப்பட்டது. குதிரையை அடக்கும் கருவிகளின் பெயர்கள் குதிரையோடு கப்பலேறி வந்தன. அதன் நோவைத் தணிக்கும் முறைகளுக்கு அவ்வாறு பரவிய சொற்கள் இல்லை.

4. பாண்டிய நாட்டில் குதிரைகளின் அழிவு

கடல்வழி வந்த குதிரைகள் கரையேறிய பின் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதற்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கமுமான காலத்தைச் சேர்ந்த இரு அயலார் சான்றுகள் உள்ளன. மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதும்பொழுது, மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவருடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவதாகவும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். பேணத் தெரியாமையே அழிவின் காரணம் என்பது அவர் கருத்து. குதிரை மருத்துவமும் இலாடவேலையும் அறிந்தவர் அந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். குதிரைகள் அழிந்தால்தான் அடுத்த ஆண்டு வணிகம் நடக்கும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பும் ஏற்பாட்டையும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்பதையும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்ததையும் பதிவுசெய்துள்ளார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கொட்டிலில் கட்டிக் கொழுக்க வைப்பர் என்றும், பின்னர் எவ்விதப் பயிற்சியும் அளியாமல், அங்கவடி முதலிய கருவிகளுமின்றி வீரர்கள் வெறிகொண்டவர்போல் ஏறி ஓட்டுவர் என்றும், வலியவையும் விரைந்தவையுமான குதிரைகள் சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போகும் என்றும் அவர் எழுதுகிறார்.

இவ்விரு குறிப்புகளையும் முழு உண்மையாகக் கொள்வதற்கில்லை. அயல்நாட்டு வழக்கங்களைக் குறைத்து மதிப்பிடும் போக்கு இருவரிடமும் காணப்படுகிறது. தட்பவெப்பநிலையும் தீவன வேறுபாடும் குதிரைகளின் இறப்புக்குப் பெருங்காரணங்களாக இருந்திருக்க வேண்டும். எனினும் வசாஃபின் சித்திரிப்பில் பழக்கும் கலை நோக்கில் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. கப்பலில் பல வாரம் கட்டுண்டு வந்த விலங்கு, கரையில் மேலும் நாற்பது நாள் தலைக்கயிற்றில் கட்டுண்டு கிடந்து, பின்னர் ஒரே நாளில் ஊர்பவனையும் இழுபடும் வாரையும் ஏற்கிறது. செனபோன் எச்சரித்த உச்சிப்புண்ணுக்கு இதனினும் ஏற்ற சூழல் இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச்செட்டிகள் இடம்பெறுகின்றனர். குதிரை வாணிகம் செய்தோர் கோயில்களுக்குக் கொடையளிக்கும் அளவு செல்வம் பெற்றிருந்தனர். குதிரையைப் பேணியவர்களின் பெயர்கள் இவ்வகையில் நமக்குக் கிடைப்பதில்லை. விலை எழுத்தில் பதிந்த அளவுக்குப் பராமரிப்பு பதியவில்லை.

5. கயிறு மாறுதல்

பொறுப்பு கைமாறும் கணத்தைத் தமிழ்க் கதைமரபு நன்கு அறிந்திருந்தது. மாணிக்கவாசகர் பொருட்டு இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டுவந்த திருவிளையாடலில் கயிறு மாறுதல் ஒரு மையச் செயலாகும். குதிரைத் தலைவனாக வந்த இறைவன் குதிரைகளின் கயிற்றைப் பாண்டியனின் ஆட்களிடம் மாற்றிக் கொடுக்கிறார். கயிறு மாறிய பின் அக்குதிரைகளுக்கு நேர்வது எதற்கும் விற்றவர் பொறுப்பாளி அல்லர். இரவில் குதிரைகள் மீண்டும் நரிகளானபொழுது, விற்றவரை வினவ வழியில்லாமல் அரசனின் சினம் அமைச்சராகிய வாதவூரர் மீது திரும்புகிறது.

கதையின் சமயப்பொருள் ஒருபுறமிருக்க, அதன் அடியில் நடைமுறை வழக்கம் ஒன்று உள்ளது. குதிரையின் தலைக்கயிறே அதன் உடைமைப் பத்திரம். கயிற்றைப் பெற்றவன் குதிரையின் நலத்தையும் பெறுகிறான். வசாஃப் கூறும் ஏற்பாட்டில் கடலில் இறந்த குதிரைக்கும் வாங்குபவரே பொறுப்பு; திருவிளையாடலில் கயிறு மாறிய கணத்திலிருந்து வாங்கியவரே பொறுப்பு. இரண்டிலும் வளர்த்தவன் அறிந்திருந்த வரலாறு, அதாவது குதிரையின் வயது, பல்நிலை, எந்தப் பக்கம் தலையைத் தொடவிடாது என்பன போன்ற செய்திகள், கயிற்றோடு கைமாறுவதில்லை.

6. கல்லிலும் சுடுமண்ணிலும்

16ஆம் நூற்றாண்டு முதல் எழுந்த மண்டபங்களில் பாயும் குதிரைத் தூண்கள் பெருகின. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபமும் வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபமும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். இத்தூண்களில் கடிவாளத்தின் வார்களும் மணிகளும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. முன்னங்கால் தூக்கி எழும் குதிரையின் வாய் திறந்தும் பற்கள் தெரிந்தும் நிற்பது, சீற்றத்தைக் காட்டும் சிற்ப மரபாகும். உயிருள்ள குதிரையிடத்தில் அதே தோற்றம் வாயிரும்பின் அழுத்தத்திலிருந்து விலக முயலும் அடையாளமாக இன்று கொள்ளப்படுகிறது. சிற்பி நோவைச் செதுக்கினான் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். தான் கண்ட குதிரைகளின் முகத்தைச் சீற்றத்தின் இலக்கணமாக அவன் கொண்டான் என்பதே பொருந்தும். பரணர் சொல்லில் செய்ததைச் சிற்பி கல்லில் செய்துள்ளான்.

ஊரெல்லையில் ஐயனாருக்கு நேர்ந்துவிடப்படும் சுடுமண் குதிரைகளில் வார்கள் களிமண் பட்டைகளாக ஒட்டப்படுகின்றன. அக்குதிரைகளும் முழு வளர்ச்சி பெற்றவை; பூட்டப்பட்டுப் புறப்பட ஆயத்தமாக நிற்பவை. கலையிலும் வழிபாட்டிலும் குதிரை எப்பொழுதும் பழக்கி முடிக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. பழக்கப்படும் பருவம் காட்சிக்கு வருவதில்லை.

தஞ்சை மராட்டியர் காலத் தொகுப்புகளில் நிலை சற்றே மாறுகிறது. சரசுவதி மகால் நூலகத்தில் நகுலனின் பெயரால் வழங்கும் அசுவசாத்திரச் சுவடி ஓவியங்களோடு பேணப்பட்டு, 1952இல் அச்சேறியது. சாலிகோத்திரர் மரபைச் சேர்ந்த இத்தகைய நூல்கள் குதிரையின் நிறம், சுழி, வயது, நோய் ஆகியவற்றை வகுத்துரைப்பவை. பல்லைக் கொண்டு வயதறியும் முறை இம்மரபின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் இவ்வறிவு வடமொழியில், அரண்மனைச் சூழலில் இருந்தது. கொட்டிலில் கயிறு பிடித்தவன் தன் அறிவைத் தந்தையிடமிருந்தே பெற்றான்.

7. பூந்தமல்லிச் சாலையும் குதிரைக்காரரும்

கும்பினி ஆட்சியில் குதிரைகளின் தேவை பன்மடங்கு பெருகியது. ஆர்க்காடு கும்பினிக் குதிரைப்படையின் நிலையமாயிற்று. 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபொழுது அதனை ஒடுக்க விரைந்தது ஆர்க்காட்டிலிருந்து புறப்பட்ட குதிரைப்படையே. பூந்தமல்லி ஐரோப்பியப் படைவீரர்களின் தங்கிடமாகவும் நோயுற்றோர் தேறும் இடமாகவும் விளங்கியது. சென்னைக்கும் இந்நிலையங்களுக்கும் இடைப்பட்ட வழியில், நூம்பலை ஒட்டிய சாலையில், குதிரைகள் இடையறாது சென்றன.

இக்காலத்திலும் குதிரை கடல்வழியே வந்தது; திசைமட்டும் மாறியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தமையால் வேலர் எனப்பெயர் பெற்ற குதிரைகள் 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கரையில் இறங்கின. 1834 அளவில் ஜே. பி. ஈஸ்ட் தீட்டிய நீர்வண்ண ஓவியமொன்று, கட்டுமரங்களும் மசூலாப் படகுகளும் சூழ ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கரை சேரும் காட்சியைக் காட்டுகிறது. பட்டினப்பாலையின் காட்சி ஏறத்தாழ அப்படியே திரும்ப நிகழ்ந்தது எனலாம். வேறுபாடு என்னவெனில், வந்த குதிரைகளைப் படைக்குத் தருமுன் பழக்குவதற்கும் வளர்ப்பதற்கும் இப்பொழுது நிலையங்கள் உருவாயின. ஓசூரை அடுத்த மத்திகிரியில் அமைந்த படைக்குதிரைப் பண்ணை இவ்வகையைச் சேர்ந்தது. 1924இல் அது கால்நடைத் துறையின் வசமாயிற்று.

இந்நிலையங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் குதிரையோடு நாளும் பழகியவர்கள் உள்ளூர்க் குதிரைக்காரர்களே. வங்கத்தில் சாயிஸ் எனப்பட்டவரைச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் குதிரைக்காரர் என்பதன் நேர்ப்பொருளுடைய சொல்லாலேயே அழைத்தனர் என்பதை ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவுசெய்துள்ளது. கடிவாளத்தை மாட்டியவரும் கழற்றியவரும் தோலைத் துடைத்து எண்ணெயிட்டவரும் அவர்களே. ஊர்பவன் குதிரையின் பிடரியைக் காண்பான். குதிரைக்காரன் அதன் முகத்தைக் காண்பான். தலையில் கைவைத்தவுடன் குதிரை எங்கே சுருங்குகிறது என்பதை முதலில் அறிபவன் அவனே. அவ்வறிவு அலுவலக அறிக்கைகளில் இடம்பெறும் வகையினதன்று.

வாடகை ஜட்கா வண்டிகள் பெருகியபொழுது அவ்வறிவுக்கு எதிரான நெருக்கடியும் பெருகியது. நாட்கூலிக்கு ஓடும் வண்டியில் குதிரைக்கு ஓய்வு கொடுத்தால் வருவாய் நின்றுவிடும். வேர்வை ஊறி விறைத்த வார், ஒட்டுப்போட்ட இரும்பு, அளவு பொருந்தாத தலைக்கட்டு ஆகியவை வறுமையின் விளைவுகள். அதே நூற்றாண்டில் செல்வம் நிறைந்த இங்கிலாந்திலோ, அழகுக்காக வண்டிக்குதிரையின் தலையைத் தூக்கிக் கட்டும் வார் வழக்கிலிருந்தது. அன்னா சீவெல் 1877இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ அவ்வழக்கத்தைக் கண்டித்துப் பெரும் விளைவை ஏற்படுத்தியது. நோவின் காரணம் ஓரிடத்தில் இன்மை, பிறிதோரிடத்தில் ஒப்பனை.

8. வேப்பேரியும் சட்டமும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியை அடுத்துள்ள வேப்பேரியில், டாபின் ஹால் என்னும் கட்டடத்தில், 1903 அக்டோபர் 1ஆம் நாள் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவரை கையறிவாக இருந்தது பாடமாக மாறும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. 1989இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அக்கல்லூரி இன்றும் விளங்குகிறது.

விலங்குவதைத் தடுப்புக்கு 1890இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அதன்கீழ் 1962இல் அவர் தலைமையில் அமைந்த விலங்குநல வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே செயற்பட்டது. 1965இல் வெளிவந்த இழுவை, பொதி விலங்குகள் பற்றிய விதிகள், முள்ளோ முடிச்சோ கூர்முனையோ உடைய வாயிரும்பையும் வார்க்கருவிகளையும் தடைசெய்கின்றன. சிராய்ப்பு, வீக்கம், கடும்நோவு ஆகியவற்றை உண்டாக்கும் கருவி எதுவும் விலக்கப்பட்டது. பரணர் நிறமாகக் கண்டது இங்கு முதன்முறையாக நோவு என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது.

ஆயினும் சட்டம் கருவியைத் தடுக்கும். கருவியின் பொருத்தத்தைத் தடுக்கவோ கற்பிக்கவோ அதனால் இயலாது. மழமழப்பான இரும்பும் மென்தோல் வாரும்கூட அளவு பிழைத்தால் புண்ணாக்கும்.

9. நோவு தணிக்கும் முறை

இக்காலக் கால்நடை மருத்துவமும் குதிரைப் பயிற்சியும் ஒத்துக்கொள்ளும் முறை எளியது. தலையைத் தொடவிடாத இளங்குதிரைக்கு முதலில் கடிவாளத்தை நிறுத்த வேண்டும். வாயையும் பல்லையும் மருத்துவர் சோதித்து, கூர்ந்த பல்முனைகளை அராவி, தடையாக உள்ள ஓநாய்ப்பல்லை நீக்க வேண்டும். உச்சி, காதடி, கன்னம், மூக்கு ஆகிய இடங்களில் முடி உதிர்வு, வெண்முடி, தடிப்பு உள்ளனவா என்று விரலால் தடவி அறிய வேண்டும். புண் ஆறும்வரை வாயிரும்பு இல்லாத தலைக்கட்டோடு நடத்திப் பழக்கலாம்.

மீண்டும் பூட்டும்பொழுது, தலைவார் அகன்றதாகவும் காதடியில் குடைவுடையதாகவும், நெற்றிப்பட்டை தலைவாரை முன்னிழுக்காத நீளமுடையதாகவும் இருத்தல் வேண்டும். வாயிரும்பு வாயின் அகலத்துக்கு இருபுறமும் சற்றே மிகுந்திருக்க வேண்டும். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே வளர்ந்தவரின் இரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் இவ்விடைவெளியை அளக்க ஒரே வகைக் கருவியை அண்மையில் நடைமுறைப்படுத்தியுள்ளது. சென்னையின் புழுக்கத்தில் வேர்வையின் உப்பு தோலை விறைக்கச் செய்வதால், வார்களை நாள்தோறும் துடைப்பதும் குதிரையின் முகத்தை நீரால் கழுவுவதும் இன்றியமையாதன. பழக்கும் நேரம் தொடக்கத்தில் சில நிமிடங்களாக இருந்து படிப்படியே நீள வேண்டும். இத்தனை செய்தும் தலையை உதறும் குதிரைக்கு நரம்பு, மூக்குப்புழை, உச்சித் தசைநார் ஆகியவற்றில் நோய் உண்டா என்று காண்பது மருத்துவர் கடமை.

இப்பட்டியலில் பெருஞ்செலவு எதுவுமில்லை. பெரும்பகுதி காலமும் கவனமுமே. பாண்டியர் கொட்டிலில் 220 தினார் கொடுத்து வாங்கிய குதிரைக்குக் கிட்டாதவை அவ்விரண்டுந்தான்.

10. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடிவாளத்தால் விளையும் காயத்தைச் சங்கப் புலவர் துல்லியமாகக் கண்டிருந்தனர். அதனை வீரத்தின் நிறமாகப் பொருள்கொண்டனர். பிற்காலச் சிற்ப மரபு அப்பார்வையைத் தொடர்ந்தது. இரண்டாவது, சங்க காலத்திலும் பாண்டியர் காலத்திலும் கும்பினிக் காலத்திலும் குதிரை கடல்வழியே வந்தமையால், கன்றின் வளர்ப்பும் கடிவாளம் ஏற்கும் பருவமும் தமிழ் எழுத்தின் பார்வைக்குப் பெரிதும் புறத்தே நின்றன. கயிறு மாறியபொழுது உடைமை மாறியது, அறிவு மாறவில்லை. மூன்றாவது, அவ்விடைவெளியை நிரப்பிய குதிரைக்காரரின் அறிவு வாய்மொழியாக இருந்து, ஜட்கா வண்டியின் மறைவோடு தானும் மறையத் தொடங்கியது.

எனவே தமிழகக் குதிரை வரலாற்றை விலையும் எண்ணிக்கையும் கொண்டு மட்டும் எழுதுவது முழுமையாகாது. குதிரைக்காரர் குடும்பங்களிலும் தோல்வார் தைப்போரிடத்தும் எஞ்சியுள்ள சொற்களையும் கைமுறைகளையும் தொகுப்பது உடனடித் தேவையாகும். அச்சொற்கள் கிடைக்குமாயின், வல்லிகையும் புல்லிகையும் நிரம்பிய தமிழ்ச் சொற்களஞ்சியத்தில் குதிரையின் நோவுக்கும் அதனைத் தணித்த கைகளுக்கும் உரிய இடம் கிடைக்கும்.